கரும்பில் போட்ட கார்ன்வால் லைன்

ரங்கூன் ஸ்டேஷனில் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது. கோபத்தில் வந்த எண்ணம். அதனால்தானோ என்னவோ, இன்னும் ஆறவில்லை.

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கனவான். நல்ல மனிதர்தான். கூரை ஒழுகிய இடத்தில் தம் குடையில் பாதியை எனக்குக் கொடுத்தவரை வேறெப்படிச் சொல்வது? போகிற வருகிற இன்ஜின்களையெல்லாம் உற்றுப் பார்த்துப் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் நானும் அதே வேலையாக ஸ்டேஷனுக்குப் போகிறவன் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். பேச்சுக் கொடுத்தேன். பர்மா ரயில்வேயின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதப் போகிறாராம்.

"இங்கே வந்து எத்தனை வருஷமாகிறது?" என்று கேட்டேன்.

"போன வாரக் கப்பலில் வந்தேன்."

"அதற்குள் எந்த லைனெல்லாம் பார்த்தீர்கள்?"

"மாந்தலே வரை போய்த் திரும்பினேன். அதிர்ஷ்டவசமாக ஜன்னலோர இடம் கிடைத்தது."

ஜன்னலோர இடம்... ஒரு தேசத்தின் ரயில்வே சரித்திரத்துக்கு அது போதும் போலிருக்கிறது.

"உங்களுக்கு எந்த ஊர்?"

"கார்ன்வால். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. முழுக்கக் கிராமப்புறம். நீ கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை."

அவர் வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டார். என் வண்டியும் வந்தது, நான் ஏறவில்லை. ஏன் கூடாது என்ற ஒரு கேள்வி என்னைப் பிளாட்பாரத்தோடு பிடித்து வைத்திருந்தது. ஜன்னல் வழியே பார்த்து அவர் எங்கள் ரயில்வேயை எழுதலாமென்றால், ஜன்னல்கூட இல்லாமல் அவருடைய ஊர் ரயில்வேயை நான் ஏன் எழுதக் கூடாது? அதுவும் தமிழில்?

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. நான் மர வியாபார ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் பழைய புஸ்தகக் கடைகளில் போய் விழுவேன். கப்பல் இன்ஜினீயர்கள் விற்றுவிட்டுப் போன ஆங்கிலப் பத்திரிகைகள் அங்கே கட்டுக் கட்டாகக் கிடக்கும். கரையான் தின்றது போக மிச்சமிருந்த கார்ன்வாலையெல்லாம் வாசித்தேன்.

என்ன ஊர் அது! தகரமும் செம்பும் வெட்டுகிற சுரங்கங்கள். முதலில் இன்ஜினே கிடையாது. இரும்புப் பாதையில் குதிரை கட்டித்தான் தாதுவைத் துறைமுகத்துக்கு இழுத்திருக்கிறார்கள். பிறகு நீராவி வந்தது. மலையும் பள்ளமுமான ஊர். கல்லில் பாலம் கட்டப் பணம் போதாமல் பள்ளத்துக்குப் பள்ளம் மரத்தாலேயே பாலம் கட்டி அதன்மேல் ரயிலை ஓட்டினார்கள். எல்லையில் இருக்கிற ஆற்றுக்கு மட்டும் பிரமாண்டமான ஓர் இரும்புப் பாலம். அதை உருவாக்கிய இன்ஜினீயரால் திறப்பு விழாவுக்கு வர முடியவில்லை, உடம்பு முறிந்துவிட்டது. பிறகு ஒரு திறந்த வண்டியில் படுக்க வைத்து, மெதுவாகப் பாலத்தின்மேல் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்களாம். ரயில் வந்த பிறகு அந்த மூலையிலிருந்து மீனும், முட்டைக்கோஸும், வசந்தத்தின் முதல் பூக்களும் லண்டனுக்குப் போயின.

இன்னொன்றும் படித்தேன். அந்த ஊர்க்காரர்களுக்கென்று தனியாக ஒரு பாஷை இருந்ததாம். பேசுகிறவர்கள் ஒவ்வொருவராய்க் குறைந்து, கடைசியில் இல்லாமலே போய்விட்டதாம். தமிழில்தான் எழுதுவது என்ற என் பிடிவாதம் அங்கேதான் கெட்டிப்பட்டது.

ஆனால் என்னைக் குலுக்கிப் போட்டது வேறு விஷயம்.

கார்ன்வால் லைன் ஆதியில் மிக அகலமானது. நம்முடைய மீட்டர்கேஜ் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாற்போல் ஓர் அகலம். தேசத்தின் மற்ற லைன்களோ ஒடுக்கமானவை. கடைசியில் அகலப் பாதையை ஒழிப்பதென்று முடிவு. வெள்ளிக்கிழமை கடைசி அகல வண்டி போனது. ஆயிரக்கணக்கான லைன் ஆட்கள் பாதை நெடுகப் பரவி நின்றார்கள். சனியும் ஞாயிறும் ஒரு தண்டவாளத்தை உள்ளே தள்ளினார்கள். திங்கட்கிழமை காலை ஒடுக்க வண்டி ஓடிற்று! படுத்தது கூட்ஸ் ஷெட்டுகளிலும் கூடாரங்களிலும். குடிக்கக் கம்பெனி கொடுத்தது, ஓட்ஸ் தானியத்தைத் தண்ணீரில் கரைத்துச் சர்க்கரை போட்டு ஒரு வாளி. அதற்குத் தமிழில் என்ன பெயர்? கஞ்சி. வேறென்ன?

இந்தக் கதையில் பாதியை, ரங்கூனை ஒட்டிய இன்ஸீன் பக்கம் லைனோரம் ஒருநாள் வீராசாமி மேஸ்திரியிடம் சொன்னேன். லைன் கூலிகளின் தலைவர், சேலத்துக்காரர். அவருடைய ஆட்களும் சூழ்ந்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி வண்டி போன கட்டத்தில், நிஜமாகவே ஒரு வண்டி வந்துவிட்டது. எல்லோரும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

"மிச்சத்த எப்ப தம்பி சொல்லுவீங்க?" என்றார் மேஸ்திரி.

"நம் வாசகசாலை ஹாலில் பிரசங்கமாகவே சொல்கிறேன். எல்லோரும் வாருங்கள்."

வாக்குக் கொடுப்பது எவ்வளவு சுலபம்.

வாசகசாலைத் தலைவர் பெரிய உத்தியோகஸ்தர். பெயர் வேண்டாம், வாரம் தவறாமல் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர். தலைப்பையும் கதைச் சுருக்கத்தையும் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்கிலாந்து ரயில்வே சரித்திரத்த எழுத இங்கிலாந்துக்காரன் இல்லையா? உனக்கென்னப்பா வந்தது?"

"பர்மா ரயில்வே சரித்திரத்தை பர்மாக்காரரா சார் எழுதறார்?"

"விதண்டாவாதம் பேசாதே. சரி, பேசு. ஆனா இங்கிலீஷ்ல பேசு. நாலு துரைகளைக் கூப்பிடலாம். அந்தக் கஞ்சி சமாசாரத்த எடுத்துடு. அவங்க முகத்துக்கு முன்னால அதச் சொல்ல முடியுமா?"

"லைன் ஆட்களைக் கூப்பிட்டிருக்கேன், சார். அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே."

"யாரைக் கூப்பிட்டிருக்கே?" அவர் எழுந்தே விட்டார். "கூலியாட்கள் வந்து எங்கே உட்காருவாங்க? நாற்காலியிலயா?"

"நாற்காலி உட்காரத்தானே, சார்."

அவ்வளவுதான். ஹால் இல்லை என்றாகிவிட்டது. இங்கிலீஷில் பேசினால் ஹால் உண்டு, துரைகள் உண்டு, மாலை உண்டு. தமிழில் பேசினால் நடுத்தெரு. நான் தெருவுக்கு வந்தேன். கொடுத்த வாக்கை எங்கே வைத்துக் காப்பாற்றுவது?

வீராசாமி மேஸ்திரி சிரித்தார். "இதுக்கா தம்பி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? சரசுவதி பூசையன்னிக்கு நாங்க குடியிருக்கிற கூலி லைனுக்கு வாங்க. சாமி கும்பிட்டதும் பேசிடுங்க. ஆனா பொரி கொடுத்தப்புறம் ஆரம்பிக்காதீங்க. பொரி கையில வந்தா ஒருத்தன் நிக்க மாட்டான்."

அப்படியே போனேன். இன்ஸீன் கூலி லைனில் வீட்டுக்கு வீடு மாவிலைத் தோரணம். கடப்பாரை, சம்மட்டி, மண்வெட்டி, அரிவாள் எல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாகச் சாத்தியிருந்தார்கள். ரயில் அன்றைக்கும் ஓடுகிறதே. அன்றைக்கு லைன் பார்க்க முறை வந்தவனின் சுத்தியலும் ஸ்பானரும் மட்டும் பூஜையில் வைக்காமல் வெளியே. மாவ்பி செக்‌ஷனிலிருந்தும் லைன் ஆட்கள் வண்டியேறி வந்திருந்தார்கள். கற்பூரம் காட்டியாயிற்று. நான் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றேன்.

குதிரை இழுத்த கதைக்குத் தலையாட்டினார்கள். மரப்பாலத்துக்கு "அடேயப்பா" என்றார்கள். படுக்கையில் போன இன்ஜினீயருக்குப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். இரண்டே நாளில் லைனை ஒடுக்கியதைச் சொல்லிக் கஞ்சிக்கு வந்தேன்.

"வெள்ளக்காரனா? கஞ்சியா?" என்று ஒரு குரல்.

"கஞ்சியேதான். வாளியில்."

"உப்புப் போட்டா?"

"சர்க்கரை போட்டு."

"அதான் ரெண்டு நாள்ல முடிச்சிருக்கான்," என்றது அதே குரல். "நமக்கு உப்பு கூட அளந்துதான்."

கூட்டம் சிரித்துக் குலுங்கியது. துரைகள் முன்னால் சொல்லியிருந்தால் இந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்திருக்குமா?

ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் எழுந்து நின்றார். சடையன். மாவ்பி செக்‌ஷன் ஆள். எதையும் சுலபத்தில் ஒப்புக்கொள்ளாதவர் என்பது நின்ற தோரணையிலேயே தெரிந்தது.

"கஞ்சிய நம்பிட்டேன். ரெண்டு நாள நம்ப மாட்டேன். ஒரு ஊரு லைனையே ரெண்டு நாள்ல ஒடுக்கினானா? தம்பி, நீங்க லைன்ல வேல பார்த்திருக்கீங்களா?"

"இல்லை. ஆனால் முடியும். இப்படித்தான்..." என்றேன்.

எனக்கு எப்போதும் கைதான் முதலில் பேசும். பெட்டியிலிருந்து குதித்து, வரிசையில் முதலில் இருந்த கடப்பாரையை எடுத்து, தண்டவாளத்தை நெம்பித் தள்ளுவதுபோல் காட்டினேன்.

சிரிப்பு நின்றது. என் உள்ளங்கையில் ஈரமாகச் சந்தனம் ஒட்டியது. அப்போதுதான் எனக்கே உறைத்தது.

பூஜையில் வைத்த ஆயுதம். மறுநாள் வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். எங்கள் வீட்டில் நானும் அன்று காலை பேனாவைச் சாமிமுன் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். என் பேனாவைத் தொடக்கூடாது என்று தெரிந்த எனக்கு, அவர்கள் கடப்பாரை ஞாபகம் வரவில்லை.

மேஸ்திரியின் மனைவி வள்ளியம்மை முன்னால் வந்தார். என் கையிலிருந்து அதை வாங்கவில்லை, அவரும் தொடக்கூடாதே. "வச்ச எடத்துலயே வையுங்க," என்றார். வைத்தேன். "இந்தக் கடப்பார ஆறு வாய்க்குச் சோறு போடுது. படிச்சவங்களுக்கு, இன்னிக்கு அதுக்குக் கும்பிடு போடணும், எடுக்கக்கூடாதுன்னு தோணாதா?"

அந்த வரிசைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். பின்வரிசையில் சிலர் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள். மேஸ்திரி பொரிக் கூடையைப் பார்த்தார். முடிந்தது, என் கார்ன்வால் லைன் கவிழ்ந்தது என்று நினைத்தேன்.

"யாரும் போகாதீங்க," என்றார் சடையன். என்மேல் இரக்கப்பட்டு அல்ல. அவருக்கு வாதத்தில் ஜெயித்தாக வேண்டும். "தப்புக்குக் கும்பிட்டாச்சு. புளுகுக்கு என்ன பதில்? கரும்பு கிடக்குது பாருங்க. அதுல போட்டுக் காட்டுங்க, உங்க லைன."

படையலில் கரும்பு இருந்தது. வள்ளியம்மையைப் பார்த்தேன். "கரும்பு பிரசாதம். தொடலாம்," என்றார்.

இரண்டு முழுக் கரும்பு, தண்டவாளம். கார்ன்வால் லைனில் கட்டை தண்டவாளத்துக்கு அடியில் அல்ல, இரண்டுக்கும் நடுவே; அகலத்தைப் பிடித்து நிறுத்த அந்தக் குறுக்குக் கட்டைகள் வேண்டும். துண்டு போட அரிவாள்? அரிவாளும் பூஜையில். சடையன் யோசிக்கவில்லை, மூன்றாவது கரும்பை எடுத்துப் பல்லால் கடித்தே துண்டு போட்டார். குறுக்குக் கட்டையைப் பல்லால் அளவெடுத்த ஆள் உலக ரயில்வே சரித்திரத்தில் அவர் ஒருவர்தான். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

"இப்போ தள்ளுங்க, பாப்போம். கட்ட தடுக்குதில்ல? கட்டய எல்லாம் எடுத்து, அறுத்து, திரும்பப் போட்டு... ரெண்டு நாள்ல?"

"கட்டைகளைப் பல வாரம் முன்னாலேயே அளவுக்கு அறுத்துவிட்டார்கள். அங்கொன்று இங்கொன்றாகச் சிலதை மட்டும் தாங்கலுக்கு விட்டுவைத்தார்கள். கடைசி நாளில் அதை வெட்டித் தள்ளினால் போதும்."

சடையன் என்னை முறைத்தார். "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"கடைசியில் சொன்னால் சுவையாக இருக்குமென்று..."

"சுவையாம்." அவர் குனிந்து குறுக்குத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கடித்துக் குறைத்தார். இரண்டை மட்டும் முழுசாக விட்டார். பிறகு அதையும் கடித்தார். மேஸ்திரி தொண்டையைக் கனைத்து, லைனில் கொடுக்கிற அதே குரல் கொடுத்தார். அத்தனை பேரும் பதில் குரல் கொடுத்தார்கள். கரும்பு உள்ளே நகர்ந்தது. அகலப் பாதை ஒடுக்கப் பாதையாயிற்று. கார்ன்வால் ஒடுங்கி இன்ஸீன் மண்ணில் கிடந்தது.

"முடியும்," என்றார் சடையன். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஹாலையும் மாலையையும் விட்டேன் என்று அப்போது தோன்றியது. அப்புறம் தண்டவாளத்தை ஆளுக்கு ஒரு கணுவாக உடைத்துத் தின்றுவிட்டோம்.

விஷயம் வாசகசாலைத் தலைவர் காதுக்குப் போயிருக்கிறது. வழியில் பார்த்தபோது, "கரும்புல ரயில் விட்டியாமே," என்றார். "நம்ம ஹால்ல அந்த வேடிக்கையெல்லாம் வேண்டாம். கேட்டியா?"

கேட்டேன். சடையனிடமும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ஹாலு எந்தத் தெருவுல இருக்கு?"

ஆகவே தலைவர் அவர்களுக்கு இதன் மூலம் அறிவித்துக்கொள்கிறேன். வருகிற ஞாயிறு மாலை, மீன் வண்டியும் பூ வண்டியுமாகக் கார்ன்வால் சரித்திரத்தின் பிற்பகுதியைத் தமிழில் சொல்ல நான் வாசகசாலைக்கு வருகிறேன். சந்தா கட்டிய அங்கத்தினன். என் விருந்தாளிகளாக வீராசாமி மேஸ்திரியும் வள்ளியம்மையும் சடையனும் இன்ஸீன், மாவ்பி ஆட்களும் வருகிறார்கள். நாற்காலிகளை எண்ணி வைக்கவும். இந்தத் தடவை கரும்பை வெட்ட அரிவாளும் உண்டு, பூஜை முடிந்துவிட்டது.

கதவு பூட்டியிருந்தால்? பரவாயில்லை. வெளி வராந்தாவை அளந்து பார்த்துவிட்டேன். அகலப் பாதையே கொள்ளும்.