இயந்திர மனிதரின் எல்லை வழக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடி வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பானைச் சோற்றை உண்டு, ஒரே குளியலறைக்குக் காத்துநின்று, தம்முள் ஒரு சொல்லும் பேசாது வாழ்ந்தனர். ஊரிலிருந்த காணியின் கிழக்கு வேலி யாருடையது என்பதே பிணக்கு. எல்லோரும் ஊரைவிட்டு வந்தாயிற்று. அவ்வேலியில் நட்ட கதியால் தடி ஒன்றேனும் எஞ்சியிருந்ததா என்பதை அறிந்தவர் இல்லை. ஆயினும் வழக்கு வழக்குத்தான்.

"உன்ரை சித்தப்பாவிட்டைச் சொல்லு, பின்னேரம் தண்ணி வராதாம்" என்பார் அப்பா. சித்தப்பா கைக்கெட்டும் தொலைவில் அமர்ந்திருப்பார். நான் அதை அப்படியே திருப்பிச் சொல்வேன். இவ்வேற்பாட்டில் எனக்கு யாதொரு வியப்பும் இருந்ததில்லை. பிள்ளைகள் வேறெதற்கு இருக்கிறார்கள்?

என் கவலையெல்லாம் சனிக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சியில் வந்த சித்திரத் தொடரைப் பற்றியது. இயந்திர மனிதரின் சிவப்புப் படையும் நீலப் படையும் இடியோசை எழச் சுட்டுக்கொண்டன. ஏன் என்பதைச் சிங்களத்தில் சொன்னார்கள். வீட்டில் அம்மொழி அறிந்தவர் சித்தப்பா ஒருவரே. கொழும்பில் காணி உறுதிப்பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்தவர். அவர் மொழிபெயர்ப்பதை நான் திங்கட்கிழமை வகுப்பில் விரித்துரைப்பேன்.

"என்னவாம், சித்தப்பா?"

"சிவப்பரும் நீலத்தாரும் கூடப்பிறந்த சகோதரம். தாய்க்கிரகத்தின்ரை உறுதியிலை அந்த வேலியடி ஒண்டரை முழம் தனக்கெண்டு எழுதியிருக்காம் எண்டு நீலத்தார் சொல்லுறார். தமையன் உறுதியைப் பாராமலே பீரங்கியைத் தூக்கிறார்."

எதிர்மூலையில் அப்பாவின் நாளிதழ் சற்றே அசைந்தது.

வகுப்பில் சிங்களம் அறிந்த கொட்டாஞ்சேனைத் தோழி ஒருத்தி நகைத்தாள். "அவங்க எரிபொருளுக்கு அடிச்சிக்கிறாங்க. வேலியாவது கீலியாவது."

கதைசொல்லி என்ற என் மதிப்பே ஆட்டங்கண்டது. வீட்டுக்கு வந்து முறையிட்டேன்.

"எரிபொருள் எங்கை கிடக்கு? வேலிக்கு அங்காலை" என்றார் சித்தப்பா, சற்றும் தயங்காமல். அவ்விடையால் மறுநாள் வென்றேன்.

தொடரின் இறுதிப் பகுதி வந்தது. மலைவிளிம்பில் நீலத் தலைவனைச் சிவப்புத் தலைவன் மடக்கி நின்றான். இருவரும் வாய் திறக்கவில்லை.

"இப்ப என்னவாம்?"

சித்தப்பா திரையிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னார்: "காணி கிடக்கட்டும் அண்ணை, வாற கிழமை அம்மாவின்ரை திவசம், அதையாவது சேர்ந்து செய்வம் எண்டு நீலத்தார் சொல்லுறார்."

இயந்திரத்துக்கு ஏது அம்மா என்று கேட்க வாயெடுத்தேன். நாளிதழ் மெல்லத் தாழ்ந்தது.

"சித்தப்பாவிட்டைச் சொல்லு..." என்று என்னைப் பார்த்துத் தொடங்கிய அப்பா நிறுத்தினார். பிறகு அவர் பார்வை என்னைக் கடந்து சென்றது. "ஐயருக்கு ஆர் சொல்லுறது? நீ சொல்லுறியோ?"

"நான் சொல்லுறன் அண்ணை."

"வாழைக்காய் மறந்திடாதை. போனமுறை நீ மறந்தனி."

"போனமுறை நீங்கள்தான் மறந்தது."

இருவரும் நாற்காலிகளை அருகிழுத்துக்கொண்டு வாழைக்காயைப் பற்றி வாதிடலாயினர். திரையிலோ மலை பிளந்தது, பீரங்கிகள் முழங்கின, ஒருவன் விழுந்தான். யார் விழுந்தது, என்ன சொல்லி விழுந்தான் என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டது. மொழிபெயர்க்க ஆளில்லை. திங்கட்கிழமை நான் என்ன சொல்வேன்?

சமையலறையிலிருந்து அம்மா வந்தார். என் பக்கம் நியாயம் கேட்கத்தான் வருகிறார் என்று நம்பினேன். அவரோ அவர்கள் இருவரையும் சிறிதுநேரம் பார்த்து நின்றுவிட்டு, ஓசைப்படாமல் நடந்துபோய்த் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். போரின் உச்சத்தில் எவரேனும் அப்படிச் செய்வார்களா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.