பொய் சொல்லாத கள்ளபார்ட்

"மேடையில நான் பண்ணாத அக்கிரமம் கிடையாது. ஆனா மேடையை விட்டு இறங்கிட்டா இந்த நாக்கு ஒரு பொய் சொல்லாது. சொல்லிச்சுன்னா அன்னிக்கே அறுத்து நாய்க்குப் போட்டுடறேன்!"

விட்பி துறைமுகத்துப் பீர்க்கடையில் மேஜையைக் குத்திக் குத்தி செப்டிமஸ் கேவுட் இப்படிச் சபதம் செய்தார். "நாய் என்னய்யா பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டாள் கடைக்காரி. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கேவுட் சிரிக்கவில்லை. அறத்தைப் பற்றிய பேச்சில் அவர் சிரிப்பது வழக்கமில்லை.

யார்க்‌ஷயர் முழுக்க வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் ஆடிய எங்கள் நாடகக் கம்பெனியில் அவர் கள்ளபார்ட்; நான் பபூன். உயிலைக் கிழிப்பது, அண்ணன் மகனுக்கு விஷம் வைப்பது, அனாதைப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடுவது எல்லாம் அவர் இலாகா. கைதட்டல் கதாநாயகனான ராஜபார்ட்டுக்கு உரியது. கள்ளபார்ட்டுக்கோ, மலிவு டிக்கெட் மேல் பெஞ்சுக்காரர்களின் 'உஸ்' என்ற சீறல்தான் மாலை மரியாதை. சீறச் சீற அவருக்கு உடம்பு தேறும். புது ஊரில் அறை கேட்டுப் போனால் மட்டும் சங்கடம்.

"அந்தக் குருட்டுப் பொண்ணை ஆத்துல தள்ளுனவன்தானே நீ?" என்பாள் வீட்டுக்காரி.

"ஆமாம்மா. தள்ளினேன்" என்பார் உண்மை தவறாதவர். கதவு சாத்தப்படும்.

அவருடைய தத்துவம் எளிமையானது. "நான் எத்தனையோ தடவை செத்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் முதல் அங்கத்துல சொன்ன பொய்தான் அஞ்சாவது அங்கத்துல வந்து கழுத்தைப் பிடிச்சுது. எனக்கு எந்தப் பாதிரி நீதி சொல்லணும்?" யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். தத்துவம் எழுதுகிற பெரியவர்கள் தங்கள் தவறுக்காக ஒரு தடவைகூடச் சாவதில்லை. ஆகவே ரொட்டிக்கடைக்காரரிடம் ரொட்டியைப் பற்றியும், பாதிரியாரிடம் பிரசங்கத்தைப் பற்றியும் கேவுட் அஞ்சாமல் ஒரே சொல்லைச் சொன்னார்: "வேகல." நாளடைவில் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்றாயிற்று. டார்கஸ் கேட்கும்வரை.

டார்கஸ் வெய்ன்மன் எங்கள் கதாநாயகி. எங்கள் தொழிலில் ஒரு தர்மம் உண்டு. ஒரு வேஷம் ஒருவருக்கு என்று ஆகிவிட்டால் ஆயுளுக்கும் அவருடையது. முதலாளியே நினைத்தாலும் பிடுங்க முடியாது. அவராக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. அந்தத் தர்மத்தின் பலத்தில், ஐம்பதைத் தாண்டிய டார்கஸ் வெள்ளைக் கவுனும் நீல ரிப்பனுமாய்ப் பதினாறு வயது அனாதையாக வருவாள். கேவுட் அவளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடுவார். வருஷத்துக்கு வருஷம் காடு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. கேவுட்டின் முழங்காலைப் பார்த்துத் திரைக்காரன்தான் காட்டுத் திரையைக் கிட்டே நகர்த்தி வைத்துக் கொடுத்தான்.

பெவர்லி ஊரில் அவர் அவளைத் தூக்கியபோது மேல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏய், பாட்டியைக் கீழ விடுய்யா! பேரப்பிள்ளைங்க தேடும்!" கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. டார்கஸ் வசனத்தில் ஒரு எழுத்தைக்கூட விடாமல் கடைசிவரை ஆடி முடித்தாள்.

மறுநாள் காலை, மூட்டை கட்டும் நேரம். அவள் நேராகக் கேவுட்டிடம் வந்தாள். நான் பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன்யா கேவுட், இவங்க எல்லாரும் நான் நேத்து அற்புதமா ஆடினேன்கறாங்க. நீ பொய் சொல்ல மாட்டேன்னு ஊரே சொல்லுது. நீ சொல்லு. நேத்து நான் நல்லா இல்லியா?"

முதலாளி ஹெப்டன் அவள் பின்னால் நின்று கையை ஆட்டினார். வேண்டாம் என்றா, சொல்லித் தொலை என்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நேத்து மட்டும் இல்ல டார்கஸ்," என்றார் கேவுட். "பத்து வருஷமாவே நல்லா இல்ல. அந்தக் கவுன் உனக்கு இல்ல. எல்லாருக்கும் தெரியும்."

அவள் கேட்டது ஒரு கரண்டி. இவர் அண்டாவோடு கவிழ்த்தார்.

"பத்து வருஷமா என்னைத் தூக்கிட்டு ஓடுனியே, அப்பச் சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கலியே."

டார்கஸ் கவுனை மடித்து, கூட்டத்தில் ஒருத்தியாய் நின்று ஆடும் ஃபீபி ஸ்னெல் கையில் கொடுத்தாள். அம்மா வேஷம் தருவதாக ஹெப்டன் கெஞ்சினார். "அவளுக்கு அம்மாவாவா? ஆளை விடுங்க முதலாளி" என்று சொல்லிவிட்டு ஸ்கார்பரோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாடகத்தில் ஒருவர் உண்மையைச் சொன்னதும் எல்லோரும் கட்டிக்கொள்வார்கள், திரை விழும். பெவர்லியில் திரை விழவில்லை. அதற்கடுத்த நாள் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. உண்மைக்குப் பிறகு இத்தனை நாள் மிச்சமிருக்கும் என்று கேவுட்டுக்கு எந்த நாடகமும் சொல்லித் தரவில்லை.

"கேட்டா, சொன்னேன்" என்று கொஞ்ச காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு அதையும் நிறுத்தினார். ஃபீபியைத் தூக்கும்போது பீங்கான் பாத்திரத்தைத் தூக்குகிறவர்போலத் தூக்கினார். மேல் பெஞ்சு சீறுவதை நிறுத்திவிட்டது. சீறல் இல்லாத கள்ளபார்ட்டைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஒரு நாள் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே, "அவ கேட்டது அவ்வளவு இல்லடா" என்றார்.  

அடுத்த வசந்தத்தில் ஸ்கார்பரோவில் முகாம். அங்கே ஃபீபி ஆடிய முதல் நாள் மீன்காரிகள் அழுத அழுகையில் மேடை மெழுகுவத்தி அணைந்துவிடுமோ என்று பயந்தோம். நிஜமாகவே நல்ல நடிகை. டார்கஸ் பார்க்க வரவில்லை. அவளுக்கு நெஞ்சுச் சளி முற்றிவிட்டதென்றும், சாப்பாடே இறங்கவில்லையென்றும் தங்கை சொல்லியனுப்பினாள். கேவுட் தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

டார்கஸ் ஜன்னலோரம் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதியாகியிருந்தாள். தேநீரும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் தொடாமல் ஆறிக்கிடந்தன. பெவர்லியைப் பற்றி அவளும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. மழையைப் பற்றிப் பேசினோம். மழை தீர்ந்ததும் அவள் கேட்டாள்:

"அந்தப் பொண்ணு எப்படி ஆடறா?"

 கேவுட் அவள் தொடாத ரொட்டியைப் பார்த்தார்.

"மூணாவது பெஞ்சைத் தாண்டிக் குரல் போகல," என்றார். "ரெண்டு கையையும் எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல. நேத்து மேல் பெஞ்சுல, டார்கஸ் எங்கன்னு கத்தினாங்க."

"நிஜமாவா?"

"டார்கஸ், நான் என்னிக்குப் பொய் சொல்லியிருக்கேன்?"

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "பாவம், சின்னப் பொண்ணு. மூச்சு எங்க விடணும்னு யாரும் சொல்லித் தரல போல" என்று சொல்லிக்கொண்டே ரொட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.