ஒற்றைப்படை அவளுக்கு, இரட்டைப்படை எனக்கு

எங்கள் அலுவலகத்தில் அவளை எல்லோரும் வயசக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடச் சின்னவள்தான், இருந்தாலும் அக்கா. வெளிநாட்டுத் தொடர்களைப் பார்த்து, எந்த வயதுக்கு மேல் பார்க்கலாம் என்று முத்திரை போடுவது அவள் வேலை. என் வேலையும் அதேதான். எனக்குப் பட்டப்பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை, போகட்டும்.

திரையில் ரத்தம் தெறித்தால் வயசக்கா தக்காளிச் சாறு என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பாள். கெட்ட வார்த்தை வந்தால் ஒரு விரலை மடக்குவாள். ஆனால் கதையில் மர்மம் என்று ஒன்று வந்துவிட்டால் என் கதி அதோகதி. யார் செய்திருப்பான், ஏன் செய்திருப்பான் என்று நச்சரித்து உயிரை வாங்குவாள். புருஷன் விட்டுப்போன பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்க்கிறவளுக்கு இவ்வளவு ஆர்வம் எங்கிருந்து மிஞ்சுகிறது என்று நான் யோசித்ததுண்டு.

போன மாதம் ஒரு சீன அனிமேஷன் தொடர் வந்தது. பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பழுதுபார்க்கிற இளம்பெண்தான் கதாநாயகி. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் சிக்கும்போதெல்லாம் கதவு ஏதோ ஒரு கடந்துபோன நாளில் திறக்கும். இறங்கிப் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. முன்பு அந்தக் கட்டடத்தில் காணாமல் போன ஒரு பையனுக்கு என்ன ஆனது என்பதுதான் மர்மம்.

மேலிடத்தில் அவசரம். அவசரம் என்றால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒற்றைப்படை அத்தியாயங்கள் அவளுக்கு, இரட்டைப்படை எனக்கு. பார்த்துவிட்டு இருவர் மதிப்பெண்ணையும் கூட்டி முத்திரை போட்டுவிடுவோம். சமையல் தொடருக்கு இது சரிப்பட்டு வரும். காலத்துக்குள் முன்னும் பின்னும் போகிற கதையை எவனாவது இப்படிக் கூறு போடுவானா? நாங்கள் போட்டோம்.

அவள் பங்கில் ஒரு காட்சி. கீழ்வீட்டுக்காரர் ஒருவர் ஒரு குட்டிப் பெண்ணிடம் சாமான் அறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவரச் சொல்கிறார். அவளும் பூட்டுகிறாள், மிட்டாய் வாங்கிக்கொள்கிறாள். என் பங்கில், அதே மாதிரி ஒரு கதவுக்குப் பின்னால் அந்தப் பையனை மயங்கிய நிலையில் கண்டெடுக்கிறார்கள். கதாநாயகி ஒரு சாவியைப் பார்த்து அழுகிறாள். நான் "அழுகை, மிதம்" என்று குறித்தேன். என்ன அறிவு பாருங்கள்.

என் பாதியில் என்ன நடந்தது என்று அவள் துளைத்தெடுத்தாள். வேலை தலைக்கு மேல் கிடந்தது. வீட்டில் போய் மகளோடு முழுசாகப் பார்த்துக்கொள் என்று எரிந்து விழுந்தேன். அவளும் பதிமூன்று என்று முத்திரை போட்டுவிட்டு, விடுமுறைக்குச் சேர்ந்து பார்க்கலாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள். மகளுக்குப் பதினான்கு வயது, பொறுமைக்கும் அவளுக்கும் வெகுதூரம். தொடர் வெளியானதும், அம்மா வீட்டில் இல்லாத நேரத்தில் தனியாகவே பார்த்து முடித்துவிட்டாள். அதன் பிறகு வீட்டில் பேச்சே இல்லை. சோறு வேண்டாம், தோழி வேண்டாம். தன் முத்திரை தன் பிள்ளையையே ஏதோ செய்துவிட்டது என்று வயசக்கா என்னிடம் சொல்லிக் கலங்கினாள்.

அடுத்த நாள் மாலை அந்தப் பெண் பள்ளிச் சீருடையோடு எங்கள் அறைக்கே வந்து நின்றாள். தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை.

"மாமா, இதை முழுசா பாத்தது யாரு?"

ஒற்றைப்படை உங்கம்மா, இரட்டைப்படை நான் என்றேன். அந்தக் குட்டிப் பெண்தான் வளர்ந்து கதாநாயகி ஆனவள், உள்ளே பையன் இருப்பது தெரியாமல் பூட்டியவளும் அவளேதான் என்று மகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ரத்தமும் இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை. எங்கள் கணக்கில் அதற்கு மதிப்பெண்ணே கிடையாது.

வயசக்கா பதறிப்போய், இப்போதே பதினாறு என்று மாற்றிவிடுகிறேன், மேனேஜர் திட்டினால் திட்டட்டும் என்றாள். மகள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"மாத்தாதம்மா. நானும் அப்படி ஒண்ணு செஞ்சிருக்கேன். அப்பா போன அன்னைக்கு நீ தூங்கிட்டு இருந்த. சத்தம் இல்லாம தாழ்ப்பாளைத் தொறன்னாரு. நான்தான் தொறந்து விட்டேன்."

தான் திறக்காமல் இருந்திருந்தால் அப்பா போயிருக்க மாட்டார் என்று ஆறு வயதிலிருந்து அதை மனதில் போட்டுப் புழுங்கியிருக்கிறாள். ஊரில் உள்ள கதைக்கெல்லாம் யார், ஏன் என்று கேட்கிற அம்மா தன்னிடம் ஒரு தடவைகூட எதுவும் கேட்டதில்லை என்று குறைப்பட்டாள். இதைப் பார்க்காவிட்டால் வாயே திறந்திருக்க மாட்டாளாம். ஆனால் தனியாகப் பார்த்திருக்கக் கூடாதாம். முத்திரைக்குக் கீழே "பெரியவர் ஒருவர் கூட இருந்து பார்க்கவும்" என்று நாங்கள் பிறகு சேர்த்த வரி அவள் கொடுத்ததுதான்.

வயசக்கா அழவில்லை. மகளின் பையை இறக்கிவைத்து, எதிரில் உட்காரவைத்தாள். பிறகு தன் வழக்கப்படி கேட்க ஆரம்பித்தாள். அப்பா எடுத்துப்போன பை எப்படி இருந்தது, செருப்புப் போட்டிருந்தாரா என்று ஒன்றுவிடாமல். மகளும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அந்தத் தாழ்ப்பாள் கதவு உச்சியில இல்ல இருந்துச்சு? உங்கப்பாவுக்குத்தான் எட்டும், உனக்கு எப்படிடி எட்டுச்சு?"

மகள் வலது கையை மேலே தூக்கி, அந்தத் தாழ்ப்பாளைத் தேடுகிறவள் மாதிரி பார்த்தாள்.

"எட்டலைம்மா" என்றாள் மெதுவாக. "அப்பாதான் என்னைத் தூக்கிப் பிடிச்சாரு."