ஊதிக் கண் திறக்க வைப்பவர்

அவளுடைய அண்ணனுக்குக் கைக்குழந்தைகளைப் படம் எடுப்பதுதான் தொழில். கேமராவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம். தற்பெருமை பேசத் தெரிந்தது கொள்ளை. தூங்கும் குழந்தையை விழிக்க வைக்க ஒரு வித்தை வைத்திருந்தார். முகத்துக்குக் கிட்டே குனிந்து, உதட்டைக் குவித்து, ஃபூ என்று ஊதுவார். அது திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்ததும் படம் பிடிப்பார். இந்த அற்ப வேலையை என்னவோ பத்து வருஷம் படித்துக் கண்டுபிடித்ததைப் போலப் போகிற வீட்டிலெல்லாம் அளந்துவிடுவார்.

அவளுக்கு அவர்மேல் மரியாதை போய் வெகுநாள் ஆயிற்று. இருந்தாலும் கூடப் பிறந்தவர், வாசலில் வந்து நின்றால் வா என்று சொல்லாமல் இருக்க முடியுமா? அவளுக்குக் குழந்தை பிறந்த இருபத்து மூன்றாம் நாள், பையும் கேமராவுமாக வந்து நின்றார். மூக்கு சிவந்திருந்தது, கைக்குட்டை ஈரமாக இருந்தது.

"அண்ணே, சளி பிடிச்சிருக்கா?"

"எனக்கா? தூசி அலர்ஜி. போட்டோவுக்குப் பின்னாடி தொங்கவிடுற துணியில எல்லாம் தூசி."

"எதுக்கும் முகமூடி போட்டுக்கங்களேன்."

"மாமன் மூஞ்சிய மூடிக்கிட்டு வந்தா மருமகன் பயந்துட மாட்டானா?" என்று தானே சொல்லித் தானே சிரித்தார்.

அவள் வற்புறுத்தாமல் குழந்தை தூங்கும் இடத்துக்கு அவரை அழைத்துப்போனாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வரும். அவர் குனிந்தார், ஊதினார். படம் சரியாக வரவில்லை என்று இன்னொரு தரம் ஊதினார்.

அவர் வந்துபோன ஐந்தாம் நாள் குழந்தைக்கு மூக்கடைத்தது. இரண்டு வாய் பால் இழுப்பான், விட்டுவிட்டு மூச்சுக்குத் திணறுவான். மதியத்துக்குள் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவெலும்புக்கு நடுவே தோல் குழிந்தது. ஒரு தடவை மூச்சே நின்று, பிறகு வந்தது. அவள் வாரி அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

குழந்தையின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "வைரஸ்மா. பெரியவங்களுக்கு வெறும் ஜலதோஷமா வந்துட்டுப் போயிடும். இவன் மூச்சுக்குழாய் ரொம்பச் சின்னது, சளி அடைச்சா தாங்க மாட்டான். ரெண்டு நாள் பாத்துத்தான் சொல்ல முடியும். வீட்டுல யாருக்காவது சளி இருந்துச்சா?"

அவள் வாயைத் திறப்பதற்குள், சேதி கேட்டு வந்திருந்த அண்ணன் முந்திக்கொண்டார். "யாருக்கும் இல்ல டாக்டர். இவதான் ஃபேனுக்கு நேரா படுக்கப் போட்டா. சொன்னா எங்க கேக்கறா?" சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

இப்படியும் ஒரு ஜென்மமா என்று அவள் அவரை முறைத்தாள்.

அப்போது பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுடைய குழந்தையின் மூக்கிலும் குழாய். அண்ணனைக் கண்டதும் அந்தக் களைத்த முகம் மலர்ந்தது.

"அட, போட்டோ எடுக்கற அண்ணன்! போன வாரம் எங்க பாப்பாவை ஊதி எழுப்பினீங்களே, ஞாபகம் இருக்கா?"

அண்ணன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். தங்கை அவருடைய பையின் வாரைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க போறீங்க? இவங்ககிட்டயும் டாக்டர்கிட்டயும் உண்மையைச் சொல்லுங்க. இந்தப் பத்து நாள்ல இன்னும் எத்தனை வீட்டுக்குப் போனீங்க?"

"மெதுவாப் பேசும்மா," என்று கிசுகிசுத்தார். "தொழில் கெட்டுடும்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் சிரித்தபடியே கேட்டாள்: "ஆல்பம் எப்ப தருவீங்கண்ணா?"