வாழவந்தி வண்டித்தடம்

நான் கோபக்காரி. கோர்ட்டில் என்னைப் பார்த்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். வீட்டில் பால் பொங்கி வழிந்தால் அடுப்பைத் திட்டுகிறவள், கூண்டில் நிற்கிற சாட்சியிடம் மட்டும் அவ்வளவு பதமாகப் பேசுவேன். அந்தப் பேச்சுதான் எனக்கு இத்தனை வருஷம் சோறு போட்டது. இன்றைக்கு அதே பேச்சை நினைத்தால் தலையில் முக்காடு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகளாகப் பிறந்தேன். சட்டம் படித்துச் சேலத்தில் தொழிலை ஆரம்பித்து, சில வருஷங்களில் அரசு வக்கீலானேன். மலைக்காரர்கள் சர்க்கார் மேல் போடுகிற வழக்குகள் தானாகவே என் மேஜைக்கு வந்துவிடும். பட்டா கேட்பார்கள், பாதை கேட்பார்கள், புறம்போக்கு என்று சொல்லிப் பிடுங்கிய நிலத்தைத் திருப்பிக் கேட்பார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் சாட்சியைப் பார்த்துக் கர்ஜிப்பார்கள். மலைக்காரர் பயந்துபோய் வாயை இறுக மூடிக்கொள்வார். நான் அப்படியெல்லாம் செய்யவில்லை. "ஏனுங்க, மழை நல்லாப் பேஞ்சுதுங்களா, காப்பி பூத்திருச்சுங்களா" என்று ஆரம்பிப்பேன். நம்ம பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிடும்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. மதிப்பான ஆள் ஒருவர் தன்மையாகப் பேசும்போது மூஞ்சிக்கு நேராக "இல்லை" என்று சொல்வது மரியாதை இல்லை. மனசுக்கு ஒப்பாவிட்டாலும் சரிங்க என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அவரவர் நினைத்ததைச் செய்வார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வர்றேனுங்க என்பார்கள், அன்றைக்கு வரமாட்டார்கள், யாரும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். சந்தையில் முட்டைக்கோசு விற்கிறவருக்குக்கூட இது தெரியும். கோர்ட்டுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். "இதெல்லாம் சர்க்கார் எடம்னு ஊருக்கே தெரியுமுங்களே" என்பேன், பாவம், அவரும் ஆமாங்க என்பார். 'வழக்கிடம் அரசுக்குச் சொந்தமானது என்றால் சரிதான்' என்று அவரே சொன்னதாகச் சாட்சியத்தில் டைப் அடித்துவிடுவார்கள். அதோடு அந்த வழக்கு செத்தது.

இதைச் சாமர்த்தியம் என்றுதான் அப்போது எல்லோரும் சொன்னார்கள். நானும் கூச்சமில்லாமல் ஒத்துக்கொண்டேன். என் குறுக்கு விசாரணையைப் பார்க்க இளம் வக்கீல்கள் பின்பெஞ்சில் வந்து உட்காருவார்கள். அதில் ஒரு பையன் என்னிடமே ஜூனியராக இருந்து தொழில் பழகினான். கெட்டிக்காரன். என் இருமல் வரைக்கும் காப்பியடிப்பான்.

ஆட்சி மாறியது. அரசு வக்கீல்களும் மாறினார்கள். வழக்குக் கட்டுகளை ஒப்படைத்துவிட்டு ஏற்காட்டுக்கே வந்து, கடை ஒன்றுக்கு மேலே மாடி அறை பிடித்து போர்டு மாட்டினேன். இத்தனை நாள் சர்க்காருக்குப் பேசியாயிற்று, இனிமேல் நம்ம ஜனங்களுக்குப் பேசப்போகிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அளந்தேன். வாய்க்கென்ன, வாடகையா கேட்கிறது.

சென்ற வருஷத்துக்கு முந்தின வருஷம், வாழவந்திப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா படியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். சொந்தமாகக் கொஞ்சம் காப்பி, ஊடுபயிராக மிளகு, நடுவில் ஓட்டு வீடு. மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏணி வைத்து ஏறிய அவர் வீட்டுக்காரர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோய், நடக்கமுடியாமல் கிடக்கிறார். வீட்டிலிருந்து தார்ரோட்டுக்கு ஒரு வண்டித்தடம் உண்டு. அந்தத் தடத்தில் ஜீப் வரும். ஜீப்பில் ஏற்றித்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். தடம் ஓடுகிற பக்கத்துத் தோட்டத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டேஜ் கட்டினார். கட்டி முடித்த கையோடு தடத்துக்குக் குறுக்கே இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட்டார். "கேட்டத் தொறந்துவுடச் சொல்லுங்க வக்கீலம்மா, வேற ஒண்ணும் வேண்டாங்க" என்றார் அந்த அம்மா.

வழக்குப் போட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் யாரென்று பார்த்தால் என் பழைய ஜூனியர். வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு என்பார்கள். இங்கே நானே வளர்த்துவிட்ட வல்லவன். அவன் என்ன செய்வான் என்பது எனக்குத் தெரியாதா? மழை பேஞ்சுதா என்று ஆரம்பிப்பான், தடம் எங்களுதுதானுங்களே என்று முடிப்பான். அதனால் அந்த அம்மாவை என் அறையில் உட்கார வைத்துப் பழக்கினேன். அந்த வக்கீல் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், தப்பாகச் சொன்னால் இல்லைங்க என்று சொல்லவேண்டும். முதலில் அவருக்கு வாய் வரவில்லை. நானே எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரி நின்று கேட்பேன். அவர் சிரித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஆமாங்க என்பார். எனக்குப் பொறுமை போய்விடும். என்ன ஆமாங்க, ஜீப் வராமல் உங்கள் வீட்டுக்காரர் கிடந்து சாகட்டுமா என்று ஒருநாள் கத்திவிட்டேன். அதற்கப்புறம் கற்றுக்கொண்டார்.

கோர்ட்டில் அவன் நான் நினைத்தபடியே ஆரம்பித்தான். காப்பி விலையைக் கேட்டான், வீட்டுக்காரர் உடம்பைக் கேட்டான். பிறகு நைசாக, இந்தத் தடம் பழைய தோட்டத்துக்காரர் இரக்கப்பட்டு விட்டதுதானுங்களே என்றான். ஆமாங்க என்றால் உரிமை போயிற்று. அந்த அம்மா கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "இல்லைங்க" என்றார். அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். திரும்பத் திரும்ப இல்லைங்க. எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை. சேலத்திலேயே நல்ல ஓட்டலாகப் பார்த்து அவருக்கு டிபன் வாங்கிக்கொடுத்துக் கூட்டிவந்தேன்.

வழக்கு அங்கேயே நின்றிருக்கவேண்டும். வாதம் பேசித் தீர்ப்பு வாங்கியிருக்கவேண்டும். அதற்குள் காட்டேஜ்காரர் சமாதானமாகப் போகலாம் என்று ராஜிக்கு வந்தார். கேட்டைத் திறக்கமுடியாது, விருந்தாளிகளுக்குத் தொந்தரவு. அதற்குப் பதிலாகத் தோட்டத்தின் கீழ்க்கோடியில், ஓடையோரமாக வேறு தடம் விடுகிறேன் என்றார். கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் வரைந்த படத்தில் பார்த்தேன். புதுத்தடம் பழசைவிட நீளம் குறைவாகத்தான் தெரிந்தது. நேரில் போய்ப் பார்த்தேனா? இல்லை. என் ஊரிலிருந்து பஸ் ஏறினால் வாழவந்தி எவ்வளவு தூரம்? போகவில்லை. முட்டிவலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலைப்பாதையில் வளைவு வளைவாகச் சேலத்துக்கு இறங்கி ஏறி அலுத்திருந்தேன், அது உண்மைதான். ஆனால் நிஜமான காரணம் அதுவும் இல்லை. காட்டேஜ்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, உங்களை மாதிரிப் பெரியவங்க பேசினா நாலு ஊர்ச் சண்டை தீரும்மா என்றார். என் பழைய ஜூனியர் பக்கத்தில் நின்று, மேடத்துக்குத்தான் அந்தப் பக்குவம் வரும் என்றான். உச்சி குளிர்ந்துபோய்விட்டது. இந்த வயதில், அடச்சீ, ஒரு கும்பிடுக்கு.

கோர்ட்டு வராண்டாவில் அந்த அம்மாவை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். கத்தவில்லை. எனக்கு எந்தக் குரல் வேலை செய்யும் என்று தெரியுமோ அந்தக் குரலில் சொன்னேன். வழக்கு இன்னும் இழுக்கும், ஜெயித்தாலும் அப்பீல் போவார்கள், அக்கம்பக்கத்துப் பகை நல்லதில்லை, படத்தைப் பாருங்கள், இதுவும் தடம்தானே. அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "நா உங்களுக்குக் கெட்டது சொல்லுவேனுங்களா?" என்றேன்.

"சரிங்க" என்றார்.

உள்ளே நீதிபதியும், முழுச் சம்மதம்தானே அம்மா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையே சொன்னார். நல்ல முறையில் முடித்து வைத்தீர்கள் என்று நீதிபதி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். மலையேறுகிற வரைக்கும் அந்தப் பாராட்டையே மென்றுகொண்டு வந்தேன்.

இரண்டு மாசம் கழித்து ஊர்த் திருவிழாவுக்கு வரச்சொல்லி அந்த அம்மா ஆள் விட்டிருந்தார். போனேன். ஆட்டோக்காரர் தார்ரோட்டிலேயே நிறுத்திவிட்டார், இதுக்கு மேல் வண்டி போகாதுங்க என்று. புதுத்தடம் என்று படத்தில் கோடு போட்டிருந்ததே, அது ஓடைச்சரிவு. ஆடு ஏறும். நான் புதரைப் பிடித்துப் பிடித்து ஏறினேன், இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் எழுந்தேன், ஓடையைத் தாண்டும்போது செருப்பு போயிற்று. சொல்கிறவனுக்கு வாய்ச்சொல், செய்கிறவனுக்குத் தலைச்சுமை. ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தேன். அந்த அம்மா ஓடிவந்து தண்ணீர் கொடுத்து, முட்டியில் மஞ்சள் பத்துப் போட்டார்.

அவர் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் கையைக் கூப்பினார். ராஜி ஆன நாளிலிருந்து அவர் கீழே இறங்கவில்லை. ஒருதரம் காய்ச்சல் கூடிப்போய், நாற்காலியில் கட்டி நாலுபேர் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். பாதிவழியில் ஒருத்தர் கால் சறுக்கி, நாற்காலியோடு ஓடைக்குள் விழப்போய், வேண்டாம் சாமி என்று திருப்பித் தூக்கிவந்து விட்டார்களாம். இதையெல்லாம் ஒரு குறையாகச் சொல்லவில்லை. நான் துருவித் துருவிக் கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார்கள். சோறு போட்டார்கள், கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவ வாசலுக்கு வந்தேன். அந்த வாசலில் நின்று பார்த்தால் பூட்டிய இரும்பு கேட்டும் அதற்கப்பால் நல்ல வண்டித்தடமும் நன்றாகத் தெரியும்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் மேல் வரவேண்டியது அவர் மேல் வந்தது. அன்றைக்கே இது ஓடை, ஜீப் வராது என்று சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா என்று கேட்டேன். நான்தானே இல்லைங்க என்று சொல்லப் பழக்கினேன் என்றும் கேட்டேன்.

"அந்த வக்கீலுகிட்டச் சொல்லப் பழக்குனீங்க" என்றார். "நீங்க நமக்காவ நொம்பப் பாடுபட்டவங்க. உங்க மூஞ்சியப் பாத்து எப்புடிங்க இல்லைங்கறது? உங்களுக்கே தெரியும்னு நெனச்சனுங்க."

தெரியும். எனக்குத்தான் தெரியும். அந்தக் கோர்ட்டில் அந்தச் 'சரிங்க' சம்மதம் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். வேறு வக்கீலாக இருந்தால் விவரம் போதாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். என்னால் அதுவும் முடியாது.

ஊருக்குத் திரும்பி, ராஜியை ரத்து செய்யக் கேட்டு மனுப் போடலாம் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். மனுவில் என்ன எழுதுவது? கட்சிக்காரரின் சம்மதத்தை அவர் வக்கீலே பேசிப் பறித்தார் என்று எழுதவேண்டும். அதை என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாளைக்குச் சேலத்துக் கோர்ட்டில் எவன் முகத்தில் முழிப்பேன்? வாரங்கள் போயின. அந்த அம்மாவுக்குப் போன் செய்யவும் கூச்சமாக இருந்தது.

போன வாரம் அவரே வந்தார். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார், எப்போதும் போல. இலவசச் சட்ட உதவியில் ஒரு சின்னப்பெண் வக்கீலைப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண், நான் எழுதத் தயங்கியதை ஒளிக்காமல் மறைக்காமல் எழுதி மனுத் தயார் செய்திருக்கிறாள். வக்காலத்து மாற்ற எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் கையெழுத்துப் போடவேண்டும். காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, கோவிச்சுக்காதீங்க என்றார் அந்த அம்மா. படித்தேன். என்னைப்பற்றி எழுதியிருந்த இடத்தில் ஒரு வார்த்தை மிகை இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

போகவில்லை அவர். இன்னும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. சொல்லுங்கம்மா என்றேன்.

"அந்தப் பொண்ணு உங்களத்தானுங்க சாட்சியாக் கூப்புடோணும்னு சொல்லுது. நீங்க வந்து சொன்னா அந்த இரும்பு கேட்டு தொறக்குமாமுங்க. கூண்டுல ஏறி நடந்ததச் சொல்லோணுங்க."

என் கண்ணுக்கு முன்னால் அந்தக் கோர்ட்டு வந்தது. கூண்டில் நான். கறுப்புக் கோட்டோடு என் பழைய ஜூனியர் எழுந்து, மழை பெய்ததா மேடம் என்று கேட்கப்போகிறான். பின்பெஞ்சில் இளம் வக்கீல்கள். ஆனால் அந்த அம்மா எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"சரிங்க" என்றேன்.

எழுந்து வாசல்வரை போனவர் அங்கேயே நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "வக்கீலம்மா, சரின்னு சொல்லிப்போட்டு வராம இருந்துராதீங்க."