நீங்க முன்னாடி போங்க

வாடகைக்கு வீடு காட்டுவதுதான் அவள் பிழைப்பு. இடுப்பில் எந்நேரமும் ஒரு சாவிக்கொத்து தொங்குவதால் தெருவுக்கே அவள் சாவியக்கா. வாய் கொஞ்சம் நீளம். வீட்டுக்காரரையும் குடிவருகிறவரையும் ஒரே மூச்சில் திட்டுவாள், அதே மூச்சில் சமாதானமும் பண்ணிவிடுவாள். தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். காலி வீட்டுக்குள் பார்க்க வந்தவர்தான் முன்னால் போக வேண்டும், அவள் பின்னால்தான் வருவாள். வாசல் கதவு திறந்தே கிடக்க வேண்டும்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். எல்லாம் கொலைக் கதை கேட்டு வந்த புத்தி. ஆபீஸுக்கு வருகிற போன்களைக் கவனித்துக்கொள்வது அவளுடைய நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை. மத்தியானம் இருவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, எங்கோ நிஜமாகவே நடந்த கொலை வழக்கு ஒன்றைப் போட்டுவிடுவார்கள். ஊரில் மற்றவர்களுக்குப் பாட்டு கேட்டால் சோறு இறங்கும். இவர்களுக்கு ஒரு பிணம் விழுந்தால்தான் இறங்கும்.

நாத்தனாருக்கு மிமிக்ரி வேறு நன்றாக வரும். செத்துப்போனவளின் குரலில் குழைந்து குழைந்து பேசுவாள். "சார், கத்தி பிடிக்க வசதியா இருக்கா? இல்ல, நான் கொஞ்சம் திரும்பி நிக்கட்டுமா?" சாவியக்காவுக்குப் புரையேறிவிடும். பாதிப் பேர் செத்தது கத்தியால் இல்லை, அவர் தப்பா நினைச்சுக்குவாரோ என்ற கூச்சத்தால்தான் என்று நாத்தனார் தீர்ப்பு எழுதுவாள். ஏன்டி உள்ளே போனே, உனக்கு அறிவு வேண்டாமா என்று அந்தச் செத்தவளையே திட்டித் தீர்ப்பார்கள். திட்டுவதில் ஒரு சுகம் இருந்தது. நமக்கெல்லாம் இது நடக்காது என்ற மிதப்புதான், வேறென்ன.

அந்த ஆள் வந்தது பட்டப்பகலில். சலவை கலையாத சட்டை, தோளில் ஒரு பை, வாய்க்கு வாய் மேடம். மனைவி பின்னாலேயே வருகிறாள், அதற்குள் நாம் பார்த்துவிடலாம் என்றான். மூன்றாவது மாடி வீடு. கதவில் இருந்த பூட்டு எப்போதோ கெட்டுப்போய்விட்டது. புதுசு போட மனசு வராத வீட்டுக்காரர், வெளியே ஒரு தாழ்ப்பாளும் தொங்கு பூட்டும் மாட்டியிருந்தார். பூட்டைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, "போங்க சார், பாருங்க" என்று ஒதுங்கி நின்று, அவனை விட்டுப் பின்னால் போனாள்.

வீடு பார்க்க வருகிறவர்களை அவளுக்குத் தெரியும். முதலில் குழாயைத் திறப்பார்கள். பாத்ரூமை எட்டிப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று தட்டுவார்கள். இவன் எதையும் தொடவில்லை. எதிர் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டான். இருக்கிறார்கள் என்று பொய் சொன்னாள். எதிர் வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். கீழ் வீட்டில் வாஷிங் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கத்தினாலும் அதுதான் கேட்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள். கண்ட கதையைக் கேட்டால் இப்படித்தான்.

தூசி வருது என்று அவன் வாசல் கதவைச் சாத்தினான். காற்று வரட்டும் என்று அவள் போய்த் திறந்துவிட்டாள். உள்ளறை வாசலில் அவன் நின்றுகொண்டான். "நீங்க முன்னாடி போங்க, மேடம்."

"நீங்க பாருங்க சார்."

"லேடீஸ் முன்னாடி போறதுதான் மரியாதை. உள்ள ஸ்விட்ச் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது."

நியாயமான பேச்சுதான். ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டியிருந்ததால் அறை இருட்டாகத்தான் இருந்தது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிற மனுஷனிடம் எத்தனை தடவை மாட்டேன் என்பது? நாளைக்கு, அந்தப் பொம்பளைக்குக் கிறுக்கு என்று நாலு இடத்தில் சொன்னால் யார் வீடு பார்க்க வருவார்கள்? பரவாயில்ல சார் என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு காலும் தானாக உள்ளே போய்விட்டது.

ஸ்விட்சைத் தேடிக் கையை நீட்டியபோது, பக்கவாட்டில் அவன் முகம் தெரிந்தது. அவன் அறையைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பையின் ஜிப் பாதி திறந்திருந்தது.

அந்த நேரத்திலா அது ஞாபகம் வர வேண்டும்? நாத்தனாரின் குரல் காதுக்குள் குழைந்தது. சார், நான் கொஞ்சம் திரும்பி நிக்கட்டுமா? சாவியக்கா சிரித்துவிட்டாள். லேசாக இல்லை, குபீரென்று, அடக்கமாட்டாமல், கண்ணில் தண்ணீர் வர.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?" அவன் திடுக்கிட்டு ஓரடி பின்வாங்கினான். பேச்சில் மேடம் காணாமல் போயிருந்தது.

அந்த ஓரடிதான் அவளுக்கு வழி. அவனைத் தோளால் இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள். வாசல் கதவை இழுத்தாள், தாழ்ப்பாளைப் போட்டாள், கையிலிருந்த பூட்டை மாட்டி அழுத்தினாள். அதற்குள் உள்ளே கைப்பிடி படபடவென்று ஆடியது.

பிறகு அவன் அமைதியாகப் பேசினான். ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் மேடம், என் மனைவி வந்துவிடுவாள், திறங்கள் என்றான். குரலில் அவ்வளவு பணிவு. அவள் படியில் நின்று பூட்டையே பார்த்தாள். ஒன்றுமறியாத மனுஷனைப் பூட்டிவிட்டோமா? நாத்தனாருக்குப் போன் போட்டு, ஒருத்தனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன் என்றாள். நாத்தனார் கெக்கெக்கே என்று சிரித்தாள். சாவியக்கா கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை.

"அண்ணி," என்றாள் நாத்தனார் மெதுவாக. "கீழ இறங்குங்க. லைன்லயே இருங்க. நான் போலீஸைக் கூட்டிட்டு வரேன்."

அவள் ஒரு படி இறங்கினாள். கதவுக்குப் பின்னால் அவன் தனக்குத்தானே பேசுவதுபோல், சலிப்போடு சொன்னான். "போன தடவை வந்த பொண்ணு இவ்வளவு அடம் பிடிக்கல."

அதன்பின் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

பையில் கயிறும் ஒட்டுகிற டேப்பும் இருந்தன. வீடு மாற்றும்போது பெட்டி கட்ட என்று போலீஸிடம் சொன்னானாம். வீடே இன்னும் பிடிக்கவில்லை, அதற்குள் பெட்டி கட்ட வந்துவிட்டார் துரை! மனைவி என்று ஒருத்தி வரவே இல்லை.

ஸ்டேஷனில் சாவியக்காவுக்கு ஏக மரியாதை. பெண் இன்ஸ்பெக்டர் டீ வரவழைத்தார். அந்த உள்ளறை வாசல் தாண்டி ஓரடி வைக்கவில்லையாமே, பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டீர்களாமே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நாத்தனார் சொல்லிவைத்த கதை அது. சாவியக்கா மறுக்கவில்லை. கேட்கக் கேட்க அவளுக்கே அப்படித்தான் நடந்ததோ என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

அப்போது ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். ஊரின் வேறொரு பக்கத்தில் வீடு காட்டுகிறவள், சின்ன வயசு. அவன் சொன்ன அந்தப் போன தடவைப் பெண் இவள்தான். மணிக்கட்டைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் வீட்டில்கூட மூச்சு விடவில்லையாம். கண்ணாடித் தடுப்பு வழியாக ஆளை அடையாளம் காட்டிவிட்டு, பெஞ்சில் சாவியக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, நீ ஏன் உள்ளே..." என்று நாத்தனார் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தாள். சாவியக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி பேசினாள். "நீங்க பார்த்ததுமே கண்டுபிடிச்சிட்டீங்களாமே, அக்கா. நான்தான் முட்டாள் மாதிரி முன்னாடி போயிட்டேன். மரியாதையாப் பேசினான். மாட்டேன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டேஷனே சாவியக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தது.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் மூடிய மணிக்கட்டின் மேல் சாவியக்கா தன் கையை வைத்தாள்.

"நானும் போனேன்மா," என்றாள். "நானும் பரவாயில்ல சார்னு சொல்லிட்டு, ஒரு கால் உள்ள வெச்சுட்டேன்."