பசையக்கா வரைந்த மீன்

அருங்காட்சியகத்தின் பின்பக்கம், வெயில் எட்டிப்பார்க்க யோசிக்கும் ஓர் அறையில், பசையக்காவின் ராஜ்யம் நடந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். விரல் நுனிகளில் எந்நேரமும் பசை காய்ந்திருந்தால் ஊர் வேறெப்படிக் கூப்பிடும்?

கடலடியில் கிடந்த பழைய வணிகக் கப்பலிலிருந்து எடுத்த உடைந்த பாண்ட ஓடுகள் அவளிடம் பெட்டி பெட்டியாக வரும். ஒரு கரையில் சுட்ட கிண்ணம், மறு கரையின் எண்ணெய் ஜாடி, எங்கோ கோத்த பாசிமணி, எல்லாம் ஒன்றோடொன்று கலந்து உப்பேறிக் கிடக்கும். உப்புப் போக ஊறவைத்து, எது எதோடு சேரும் என்று சம்பந்தம் பேசி முடிப்பது அவள் வேலை. "வா ராசா, உன் பக்கத்து வீட்டுக்காரன் எங்க போய்த் தொலைஞ்சான்?" என்று ஓட்டுத் துண்டைக் கொஞ்சுவாள். கட்டிய கணவனிடம் இவ்வளவு இனிமையாகப் பேசியதற்குச் சாட்சி இல்லை.

அந்தக் கணவர் பேருந்து ஓட்டுநர். பார்வை கழுகுப் பார்வைதான். ஆனால் இடது இமை மட்டும் சோம்பேறி, எப்போதும் பாதியில் நிற்கும். புதிதாக ஏறுகிறவர்கள் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசிப்பார்கள்.

ஒட்டும் வேலையில் ஒரு கறாரான விதி உண்டு. காணாமல் போன இடத்தைச் சாந்தால் நிரப்பலாம். ஆனால் நிறம் சற்று வெளிறியிருக்க வேண்டும், மேலே சித்திர வேலை கூடாது. எது பழசு, எது நம் கைவேலை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்த விதியை விரலை ஆட்டி ஆட்டிச் சொல்பவளே பசையக்காதான்.

அவளுக்குத்தான் அந்தத் தட்டு வந்து வாய்த்தது. ஒன்றையொன்று துரத்தும் இரண்டு நீல மீன்கள். ஒன்று முழுசாக இருந்தது. மற்றதற்கு வால் மட்டும் மிஞ்சியிருந்தது. சாந்து பூசினாள். வால் மட்டும் தனியாகத் துடிப்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. கையும் சும்மா இருக்கவில்லை. செதில் வந்தது, துடுப்பு வந்தது, கடைசியில் ஒரு கண்ணும் வந்தது, சாந்தின் வெளிறலும் வண்ணத்துக்குள் மறைந்தது. சும்மா சொல்லக் கூடாது, பழைய மீனைவிடப் புதுசு அழகாகவே இருந்தது. கப்பல் பொருள் கண்காட்சியின் திறப்பு விழா அலைச்சலில் இருந்த காப்பாட்சியர் தட்டைச் சரியாகப் பார்க்காமலே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லிவிட்டார்.

திறப்பு விழாவுக்கு முன்தினம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த கணவர் பெட்டியருகில் நின்றார்.

"அடியே, இது நான்தானே?"

"ஐயோ, சத்தம் போடாதீங்க!"

அப்போதுதான் அவளும் உற்றுப் பார்த்தாள். அதே பாதி இமை. மீனுக்கு இமை கிடையாது; பேருந்து ஓட்டுநருக்குத்தான் உண்டு. மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. பல நூறு வருஷத்துப் பழைய ஆள் என்று அன்று முழுக்க மீசையை நீவிக்கொண்டு திரிந்தார். திருத்திவிடலாம் என்றால் பெட்டியைப் பூட்டியாகிவிட்டது.

விழாவுக்கு வந்த பேராசிரியை, கடல் வணிகக் கலையில் கரைகண்டவர், நேராக வந்து நின்றதும் அந்தத் தட்டின் முன்னால்தான்.

"நம்ம கரைத் தட்டுல மீனுக்கு இமை போட்டு நான் பார்த்ததே இல்ல. அது எதிர்க்கரைக்காரங்க பாணி! ரெண்டு கரை ஓவியர்களும் ஒரே பட்டறையில உக்காந்து வேலை பார்த்திருக்காங்க. என் புத்தகத்தோட முதல் அத்தியாயமே இனி இதுதான்."

காப்பாட்சியர் பூரித்துப் போனார். பசையக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். வாயைத் திறந்தால் வேலை போகலாம். திறக்காவிட்டால், தன் வீட்டு இமை சரித்திரமாகிவிடும். யாரோ அதைப் படித்துப் பரீட்சை எழுதுவார்கள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் ஒட்டிய ஓடு எதுவும் இதுவரை பொய் சொன்னதில்லை.

"மேடம், அந்த மீன் நான் போட்டது."

"எந்த மீன்?"

"இமை வெச்ச மீன். தப்பு உங்க கண்ணுல இல்ல, என் கையில."

காப்பாட்சியரின் முகம் சுண்டைக்காயாகச் சுருங்கியது. "விதி தெரியாதா உங்களுக்கு? இப்பவே அழிங்க. இனிமே பிரஷ்ஷைத் தொடக் கூடாது, பசையோட நிறுத்திக்குங்க!" என்று சீறிவிட்டுப் போனார். வேலை தப்பியது. ஆனால் பிரஷ் போனது அவளுக்கு நிஜமாகவே வலித்தது.

தட்டு மேஜைக்குத் திரும்பியது. பேராசிரியையும் கூடவே வந்து உட்கார்ந்தார். முதல் அத்தியாயம் போன வருத்தம் அவருக்கும் இருக்காதா? பசையக்கா பஞ்சை வண்ணம் கரைக்கும் திரவத்தில் நனைத்தாள். துடுப்பு போனது. செதில் போனது. கண்ணருகே வந்ததும் கை நின்றுவிட்டது. பஞ்சு காய்ந்தது, மறுபடி நனைத்தாள், மறுபடியும் கை நின்றது.

பேராசிரியைக்குப் பாவமாகிவிட்டது. "கொடுங்கம்மா, வேணும்னா நான் துடைச்சிடறேன்."

"வேணாம் மேடம்," என்றாள் பசையக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "என் வீட்டுக்காரர். நானே துடைக்கிறேன்."